ஏழாம் எண் படகுக்குக் கீழே

அக்காவின் கை காய்ந்திருந்தது. நான் முதலில் கவனித்தது அதைத்தான். சுற்றி நின்ற எல்லோருக்கும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவரின் பிடரியிலிருந்து வியர்வை இறங்கி, ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டின் கழுத்துப்பட்டியை நனைத்துக்கொண்டிருந்தது. அக்காவின் முன்கையில் மட்டும் ஒரு துளி ஈரம் இல்லை. தொட்டேன். சுட்டது.

மே மாதம், மாலை நான்கு மணி. சென்னையில் கிளம்பி, இரண்டு நாள் கடலில் சுற்றிவிட்டு அங்கேயே திரும்பும் உல்லாசக் கப்பல் அது. அதன் ஐந்தாம் தளத்தில், வலப்பக்கத்தில், ஏழாம் எண் உயிர்காப்புப் படகுக்குக் கீழே நின்றிருந்தோம். அக்கா, அவள் கணவரான மாமா, இன்னும் நூறு பேருக்கு மேல். பாதுகாப்பு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. கப்பல் தெற்கே போனதால் வலப்பக்கம் மேற்கைப் பார்த்திருந்தது. படகின் நிழல் எங்கள் தலைக்கு மேலே எங்கோ கப்பலின் சுவரில் விழுந்தது. வெயில் எங்கள் மேல் நேராக விழுந்தது.

நான் பயணி அல்ல. அந்தக் கப்பலில் வேலை பார்த்தேன். என்ன வேலை என்று சொல்லியாக வேண்டும்.

இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழின் செய்தி மேசையில் இருந்தேன். பக்கங்கள் குறைந்தன, ஆட்கள் குறைந்தார்கள், அதில் நானும் ஒருவன். செங்கல்பட்டில் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது இந்த வேலை வந்தது. கப்பலில் தினமும் ஒரு தாள் அச்சாகும். அன்றைய சாப்பாட்டு நேரம், நீச்சல் குளம் திறக்கும் நேரம், மாலைக் கச்சேரி, மறுநாள் வானிலை. ஆங்கிலத்தில் வருவதைத் தமிழாக்கி, பக்கம் கட்டி, அச்செடுத்து, ஒவ்வோர் அறையிலும் வைக்கக் கொடுக்க வேண்டும். முதல் நாள் தாளில் பாதுகாப்பு ஒத்திகை அறிவிப்பும் இருக்கும். ஒத்திகையின்போது ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் சொல்வதை ஏழாம் எண் படகருகே நின்று தமிழில் சொல்வதும் என் பொறுப்பு.

ஒரு தாள், இரண்டு பக்கம். ஆங்கிலத்தில் நான்கு வரியாக வருவது தமிழில் ஆறு வரியாகும். அன்று காலை பதினொரு மணிக்குப் பக்கத்தை முடித்துவிட்டேன். பயணிகள் ஏறத் தொடங்கும் நேரத்தில் சாப்பாட்டுக் கூட மேலாளர் வந்து, மாம்பழ விருந்து ஒன்று முடிவாகியிருக்கிறது, முதல் பக்கத்தில் பெட்டி கட்டிப் போட வேண்டும் என்றார். இடம் வேண்டும். ஒத்திகை அறிவிப்பின் கடைசிப் பத்தியை எடுத்தேன்.

அதைப் பற்றி யோசிக்கவில்லை. பத்திரிகைக்காரர்களுக்கு இது தெரியும். செய்தியில் முக்கியமானது மேலே இருக்கும். கீழே போகப்போக எடை குறையும். இடம் போதாவிட்டால் அடியிலிருந்து வெட்டுவோம். படித்துப் பார்த்து வெட்ட நேரம் இருக்காது. வெட்டுவதற்கு வசதியாகவே செய்தியாளர் அப்படி எழுதியிருப்பார். இருபத்திரண்டு ஆண்டுகளில் எத்தனை கடைசிப் பத்திகளை எடுத்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. ஆனால் அந்த ஒத்திகை அறிவிப்பை எழுதியது செய்தியாளர் அல்ல. அதில் மேலே இருந்தவை விதிகள். அபாயச் சங்கு ஏழு முறை குறுகியதாகவும் ஒரு முறை நீண்டதாகவும் ஒலிக்கும். லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. கையில் எதுவும் எடுத்து வரக் கூடாது. அட்டையில் உள்ள எண்ணுக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். கடைசிப் பத்தியில் இருந்தவை விதிவிலக்குகள். வயதானவர்கள், கர்ப்பிணிகள், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் வெயில் நேரத்தில் வெளியே நிற்க வேண்டியதில்லை. நான்காம் தளத்துக் குளிரூட்டிய அரங்கில் உட்கார்ந்தபடி ஒத்திகையில் கலந்துகொள்ளலாம். முன்னதாகத் தண்ணீர் குடியுங்கள். தண்ணீர் பாட்டிலும் மருந்தும் கையில் இருக்கலாம்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். மதுராந்தகத்தை அடுத்த ஒரு கிராமப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்தப் பள்ளியில் வேலை செய்யும் பெண்களுக்கென்று கழிப்பறை வெகுகாலம் இல்லை. வந்த பிறகு அதில் தண்ணீர் இல்லை. அவள் காலையில் ஒரு காபியோடு வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் திரும்பும் வரை எதுவும் குடிக்க மாட்டாள். அடுப்புப் பக்கத்தில் நின்று அண்டா அண்டாவாகச் சோறும் சாம்பாரும் ஆக்கி இறக்கும் வேலையை மேற்பார்த்தவள் அவள். பஸ்ஸில் திருப்போரூர் கோயிலுக்குப் போனாலும் அப்படித்தான், கல்யாணத்துக்குப் போனாலும் அப்படித்தான். வெளியே கிளம்பும் நாளில் தண்ணீர் குடிக்காத பெண் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தி இருப்பாள். அதை யாரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் அது ஒரு விஷயமாக என் கண்ணில் பட்டதில்லை.

ரத்த அழுத்தத்துக்கு அவள் எடுத்துக்கொண்டிருந்த மாத்திரைகளில் ஒன்று உடம்பிலிருந்து நீரை இறக்குவது. அதையும் அன்று காலை தவறாமல் போட்டிருந்தாள். மாத்திரை விஷயத்தில் அவள் கண்டிப்பு.

ஊழியர்களின் உறவினருக்குச் சலுகை உண்டு என்று நான்தான் வற்புறுத்தி வரவழைத்தேன். விடியற்காலை மதுராந்தகத்தில் பஸ், செங்கல்பட்டில் மின்சார ரயில், பிறகு ஆட்டோ, பிறகு பெட்டிகளைச் சோதிக்கும் வரிசை. ஒன்றரை மணிக்கு அறைக்கு வந்து சேர்ந்தார்கள். நான் எட்டிப் பார்த்தபோது மாமா குளிர்காற்று வரும் துவாரத்துக்குக் கீழே கைகளை விரித்து நின்றிருந்தார்.

"இன்னா மச்சான், ஊட்டிய இங்க கொண்டாந்து வச்சிகீறாங்க. நான் இந்த ரூம விட்டு வெளிய வர மாட்டேன். கடல நீயே பாத்துட்டு வந்து சொல்லு."

அக்கா குளியலறை வாசலில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பல் கழிப்பறையில் பட்டனை அழுத்தினால் பெரும் சத்தத்தோடு உறிஞ்சும். மாமா ஏற்கெனவே ஒரு முறை அழுத்திக் காட்டியிருந்தார்.

"ஏன்டா, இதுல எப்டிடா குந்துறது? இன்னா சத்தம் போடுது."

"ஆள இஸ்த்துகினு பூடும்," என்றார் மாமா. "பட்டன அமுக்கிட்டு ஓடியாந்துடணும். இல்லன்னா நேரா கடல்லதான்."

"சும்மா கெட. உன்ன இஸ்த்துகினு போனா தேவல."

சிரித்தாள். நானும் சிரித்தேன். கட்டில் மேல் நான் கட்டிய தாள் இருந்தது. "இது நீ எழுதுனதாடா?" என்று கேட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். நான் பத்திரிகையில் இருந்த காலத்தில் எந்தச் செய்தியை நான் தொட்டேன் என்று தெரியாமலேயே முழுப் பக்கத்தையும் படிப்பவள் அவள். இரண்டு பாட்டில் தண்ணீர் மேசையில் மூடி திறக்காமல் இருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, அச்சு அறையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மூன்றரை மணிக்குச் சங்கு ஒலித்தது. ஏழு குறுகியது, ஒன்று நீண்டது. குளிர்ந்த நடைபாதைகளிலிருந்து மக்கள் வெளிக்கதவைத் தாண்டியதும் ஒரு கணம் நின்றார்கள். அடுப்பு மூடியைத் திறந்ததுபோல முகத்தில் அடித்தது. வழக்கமாக மதியத்துக்குள் கடலிலிருந்து காற்று வந்துவிடும். அன்று வரவில்லை. கரைப் பக்கமிருந்து, மேற்கிலிருந்து, அனல் வந்தது. இரும்புக் கைப்பிடியைப் பிடித்தவர்கள் கையை உதறினார்கள்.

ஏழாம் எண் படகின் பொறுப்பாளர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துக்காரர். நாற்பதைத் தாண்டியவர். ஃபைபர் படகில் தொழில் செய்துவிட்டுப் பிறகு கப்பலுக்கு வந்தவர்.

"வா, பேப்பர் அண்ணாத்த," என்றார். "இன்னிக்கு மேக்காத்து. கடக்காத்து எறங்கவே இல்ல. இந்த ஜனத்த அரை மணி நிக்க வச்சா கருவாடுதான்."

"இருபது நிமிஷத்துல முடிஞ்சிடும்."

"நீ சொல்ற. அட்டைய எண்ணி முடிக்கணுமே."

அவர் சொன்னது சரி. ஒத்திகையில் ஒவ்வொருவரின் அட்டையையும் சரிபார்க்க வேண்டும். வராதவரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவரும் வரை வந்தவர்கள் கலையக் கூடாது. ஏழாம் எண்ணில் மூன்று பேர் குறைந்தார்கள். அறையில் தூங்குகிறார்களா, கடைகள் இருக்கும் தளத்தில் நிற்கிறார்களா என்று இரண்டு ஊழியர்கள் தேடப் போனார்கள். நான் பட்டியைக் கட்டும் முறையைத் தமிழில் சொன்னேன். விசிலும் விளக்கும் எங்கே இருக்கின்றன என்று சொன்னேன். திரும்ப ஒரு முறை சொன்னேன். பிறகு சொல்ல எதுவும் இல்லை.

பின்வரிசையிலிருந்து ஒருவர், "சார், கப்பல் முழுகறப்பவும் ஏசி போடுவீங்களா?" என்றார். சிரிப்பு எழுந்தது. ஒரு பெண் லைஃப் ஜாக்கெட்டோடு செல்ஃபி எடுத்தாள். தூரத்தில் முட்டுக்காட்டு முகத்துவாரம் வெளிர்மஞ்சள் கீற்றாகத் தெரிந்தது. அதைச் சிலர் சுட்டிக் காட்டிக்கொண்டார்கள். யாரும் பயப்படவில்லை. நானும்தான்.

அக்கா இரண்டாம் வரிசையில் நின்றாள். பட்டிகள் இறுக்கமாக, நான் தாளில் எழுதியிருந்த வரிசைப்படியே கட்டப்பட்டிருந்தன. கைகள் இரண்டும் பக்கத்தில். அதிகாரி பள்ளிக்கு ஆய்வுக்கு வரும் நாளில் சமையல் கூட வாசலில் அவள் அப்படித்தான் நிற்பாள். பக்கத்தில் மாமா துண்டால் தனக்கும் அவளுக்கும் மாறி மாறி விசிறிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு அப்பால் இரண்டு பெண்கள் பாட்டிலைத் திறந்து குடித்தார்கள். அவர்கள் ஆங்கிலத் தாளைப் படித்தவர்களாக இருக்கலாம், அல்லது எதையும் படிக்காதவர்களாக இருக்கலாம். அக்காவிடம் பாட்டில் இல்லை.

வரிசைக்குள் போய்க் கேட்டேன். "தண்ணி எடுத்துட்டு வரலயாக்கா?"

"கையில ஒண்ணும் எடுத்தாரக் கூடாதுன்னு நீதானடா போட்டுகீற?"

அப்போதுதான் அவள் கையைத் தொட்டேன். அப்போதுதான் அந்தக் கடைசிப் பத்தி எனக்கு நினைவுக்கு வந்தது. முழுமையாக, அரைப்புள்ளிகளோடு வந்தது. கணினித் திரையில் அதன் மேல் கறுப்பாக இழுத்து, ஒரு விசையை அழுத்தியது என் விரல்.

"அக்கா, உள்ளே போலாம் வா. உக்கார இடம் இருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். பார்வை என் முகத்தில் நிற்காமல் பின்னால் எங்கோ போனது.

"முட்டை எண்ணியாச்சா?" என்று கேட்டாள்.

மாமா விசிறுவதை நிறுத்தினார். "இன்னாம்மே சொல்ற?"

"நாலு புள்ளைங்க இன்னும் வரல. சோறு ஆறிப்போவுது. எண்ணிட்டுப் போடு."

அவள் குரலில் எந்த மாற்றமும் இல்லை. சமையல்காரப் பெண்ணிடம் சொல்லும் அதே குரல். என் வாழ்க்கையில் அதைவிடப் பயங்கரமான வாக்கியத்தை நான் கேட்டதில்லை. பிறகு முழங்கால்கள் மடங்கின. பக்கவாட்டில், மெதுவாக, மாமாவின் மேல் சாய்ந்து இறங்கினாள். தலை தரையில் படுவதற்குள் ஏழாம் எண்காரர் எப்படி வந்தார் என்று தெரியவில்லை, ஜாக்கெட்டின் பட்டியைப் பிடித்துவிட்டார்.

"பட்டிய அவுரு! கயித்த அவுரு அண்ணாத்த, நெஞ்ச அழுத்துது! தள்ளுங்கய்யா, காத்து வுடுங்க! செல்போன உள்ள வை, இன்னா கூத்தா கட்றாங்க?"

நான் பட்டியை அவிழ்க்க முயன்றேன். நூறு பேருக்கு விளக்கிச் சொன்ன அந்தக் கொக்கி என் விரலுக்கு அகப்படவில்லை. அவர் என் கையைத் தள்ளிவிட்டு ஒரே இழுப்பில் திறந்தார். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மாமா ஒரு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். இன்னொரு செருப்பு ஏழாம் எண் படகுக்குக் கீழே கிடந்தது. ஊழியர்கள் தேடிக் கொண்டுவந்த அந்த மூன்று பேரும் அந்த நேரத்தில்தான் கதவைத் திறந்து வெயிலுக்குள் வந்தார்கள்.

கப்பலின் மருத்துவ அறை மூன்றாம் தளத்தில் இருந்தது. மருத்துவர் முப்பதுகளில் இருந்த பெண். பேசிக்கொண்டே வேலை செய்தார். ஈரத் துணி, மின்விசிறி, அக்குளிலும் கழுத்திலும் பனிக்கட்டிப் பொட்டலங்கள், கையில் ஊசி, சலைன். சிறுநீர் போக ஒரு குழாயும் அதன் முனையில் ஒரு பையும் மாட்டினார்கள். காய்ச்சல் எவ்வளவு என்று அவர் உதவியாளரிடம் சொன்னதைக் கேட்டேன். அந்த எண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை.

"கடைசியா எப்ப தண்ணி குடிச்சாங்க?"

மாமா யோசித்தார். "காலைல காபி குடிச்சா."

"அதுக்கப்புறம்?"

"வெளிய கெளம்புனா குடிக்க மாட்டா, டாக்டரம்மா. எப்பவும் அப்டிதான்."

"பிரஷர் மாத்திரை?"

"அது போட்டா."

மருத்துவர் தலையைத் தூக்கவில்லை. "இவங்க ஏன் வெளியே நின்னாங்க? அரங்கத்துல உக்காரலாம்னு நோட்டீஸ்ல இருக்கே."

மாமா என்னைப் பார்த்தார். நான் அந்தப் பையைப் பார்த்தேன். அதில் எதுவும் இல்லை.

அடுத்த இரண்டு மணி நேரம் நான் பார்த்தது அந்தப் பையைத்தான். கால் லிட்டருக்கு ஒரு கோடு வீதம் அச்சிட்ட தெளிவான பிளாஸ்டிக் பை. ஒரு சலைன் பாட்டில் முடிந்து இரண்டாவது மாட்டினார்கள். உள்ளே போவது சொட்டுச் சொட்டாகத் தெரிந்தது. வெளியே எதுவும் வரவில்லை. அக்கா கண்ணைத் திறக்கவில்லை. இடையிடையே உதடு அசைந்தது. நான் குனிந்து கேட்டேன். எண்ணிக்கொண்டிருந்தாள். பதினேழு, பதினெட்டு, பதினேழு.

மருத்துவர் எங்களை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். சூடு இறங்குகிறது, ஆனால் மூளையும் சிறுநீரகமும் என்ன நிலையில் இருக்கின்றன என்று இங்கே சொல்ல முடியாது, ரத்தத்தில் உப்பு தாறுமாறாக இருக்கும், கரையில் பெரிய மருத்துவமனை வேண்டும். கப்பல் தலைவரிடம் சொல்லிவிட்டேன் என்றார்.

நடைபாதையின் கடைசியில் ஒரு வட்ட ஜன்னல் இருந்தது. அதில் மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கம் தெரிந்தது. மாலை வெயிலில் பாறை மேல் கட்டைவிரல் அளவுக்கு நின்றது. அதற்கு நேர் பின்னால், அரைமணி, முக்கால் மணி கார்ப் பயணத்தில் செங்கல்பட்டு. அங்கே பெரிய ஆஸ்பத்திரி. என் வீட்டிலிருந்து அதற்கு நடந்தே போய்விடலாம். இத்தனை தெளிவாகத் தெரியும் ஒரு கரைக்குப் போக முடியாது என்பதை என் மண்டை ஏற்றுக்கொள்ளவில்லை.

ஏழாம் எண்காரர் அக்காவின் இன்னொரு செருப்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

"உங்க ஊர்ப் படகு வந்து அக்காவ ஏத்திக்க முடியாதா?" என்று அவரிடம் கேட்டேன்.

"போன் போட்டா இருவது நிமிசத்துல என் மச்சினனே வந்துடுவான் அண்ணாத்த. வந்து? இம்மாம் ஒசரத்துலேர்ந்து ஊசி, கொழாயோட கீற ஆள ஆடுற போட்டுல எப்டி எறக்குவ? எறக்குனாலும் கரைக்கு முன்னால அலை ஒடையற எடம் ஒண்ணு கீது. அதுல நாங்களே தூக்கி அடிபடுவோம். படுத்துகினு கீறவங்கள அதுல கொண்டு போவ முடியாது." ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். "என் வூடு தெரியுது பாரு. அந்தத் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல. கப்பல்ல போவும்போதெல்லாம் பாப்பேன். ஒரு நாளும் எறங்க முடியாது."

அவர் சொல்லி முடிப்பதற்குள் கலங்கரை விளக்கம் நகரத் தொடங்கியது. இடமிருந்து வலமாகப் போய் ஜன்னலின் விளிம்பில் மறைந்தது. பிறகு வெறும் கடல். கப்பல் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மூன்று மணி நேரம் ஆகும். ஒலிபெருக்கியில், மருத்துவக் காரணத்துக்காகத் திரும்புகிறோம், பயணிகளின் வசதிக்குக் குறைவிருக்காது, மாம்பழ விருந்து திட்டமிட்டபடி நடக்கும் என்றார்கள். இதைத் தமிழில் சொல்ல வேண்டியவன் நான். அன்று வேறு யாரோ சொன்னார்கள்.

பாதுகாப்பு அதிகாரி என்னை அழைத்தார். நிகழ்வுப் படிவம் நிரப்ப வேண்டும். பயணிக்குக் கொடுத்த அறிவிப்பின் நகல் ஒன்று இணைக்க வேண்டும். தமிழ்த் தாளை ஓர் அச்செடுத்துக் கொடுங்கள் என்றார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

அச்சு அறைக்குப் போய்க் கணினியைத் திறந்தேன். பக்கம் அப்படியே இருந்தது. வெட்டிய பத்தி இன்னொரு கோப்பில் இருந்தது. எதையும் தூக்கிப் போடாமல் ஓரமாக வைப்பது செய்தி மேசைப் பழக்கம். மாம்பழப் பெட்டியை எடுத்தால் பத்தி சரியாக உட்காரும். தேதி அதே தேதி. நகலெடுத்தேன், ஒட்டினேன், உட்கார்ந்தது. மறுநாள் தாளுக்காகத்தான் ஒட்டிப் பார்க்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் ஒத்திகை இல்லை. அச்செடுக்கும் விசையின் மேல் விரல் இருந்தபோது, ஒருவேளை அக்கா இறந்துவிட்டால் இந்தத் தாள்தான் அவளைப் பற்றிய கடைசிப் பதிவாக இருக்கும், படித்தும் கேட்காமல் வெயிலில் நின்றவள் என்று ஒரு படிவத்தில் எழுதப்பட்டுவிடும் என்று தோன்றியது. ஒட்டியதை நீக்கினேன். அறைகளில் வைத்ததையே அச்செடுத்தேன். எந்த இடத்தில் எது விடுபட்டது, யார் விட்டது என்று ஓரத்தில் ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதிகாரி படித்தார். "சரி" என்றார். அந்தப் பருவத்துக்குப் பிறகு என்னை வேலைக்கு அழைக்கவில்லை.

மருத்துவ அறைக்குத் திரும்பியபோது மாமா கட்டிலின் காலடியில் தரையில் உட்கார்ந்து, அக்காவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அறையின் குளிரில் நடுங்கினார். போர்வை தரவா என்றேன்.

"வேணாம். இவளுக்கு ஈரத் துணிய போத்தி வச்சிகீறாங்க, எனக்கு இன்னாத்துக்குப் போர்வ?" பிறகு, "மச்சான், கக்கூசுல இஸ்த்துகினு பூடும்னு நான்தான் பயமுறுத்துனேன். அதனாலதான் குடிக்காம கெடந்தா," என்றார். அழவில்லை. தகவல் சொல்வதுபோலச் சொன்னார்.

அப்போது நான் என் விஷயத்தை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. படிவத்தில் எழுத முடிந்தது, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

துறைமுக விளக்குகள் தெரியத் தொடங்கிய நேரத்தில் பையின் அடியில் ஏதோ இருந்தது. தேநீர் நிறத்தில், ஒரு மேசைக்கரண்டி அளவு. மருத்துவரைக் கூப்பிட்டேன். அவர் பையைத் தூக்கி விளக்கில் பார்த்தார். "வருது," என்றார். ஆம்புலன்ஸ் துறைமுகத்தில் தயாராக நின்றிருந்தது.

சென்னையில் மூன்று நாள் தீவிர சிகிச்சை. முதல் நாள் எங்களைத் தெரியவில்லை. இரண்டாம் நாள் மாமாவைத் தெரிந்தது, என்னைத் தெரியவில்லை, "இவரு யாரு, ஆபீசரா?" என்று கேட்டாள். மூன்றாம் நாள் என் பெயரைச் சொன்னாள். நான்காம் நாள், வீட்டுக்குப் பக்கம் என்று செங்கல்பட்டுக்கு மாற்றினோம். சிறுநீரகம் மெல்லத் தேறும், ஆனால் நாளொன்றுக்கு இவ்வளவு தண்ணீர் என்று அளந்து குடித்தே ஆக வேண்டும், இனி ஒரு நாள் தவறினாலும் ஆபத்து என்றார்கள்.

ஐந்தாம் நாள் காலை மாமா நாஸ்தா வாங்கப் போயிருந்தார். அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் பாதியாகியிருந்தது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னேன்.

"அக்கா, அந்த நோட்டீஸ்ல கடைசியா நாலு வரி இருந்துது. இடம் பத்தலன்னு நான் எடுத்துட்டேன்."

"இன்னா வரி?"

சொன்னேன். மனப்பாடமாக இருந்தது. அரிசி மூட்டை குறைந்ததற்குச் சமையல்காரி காரணம் சொல்லும்போது கேட்பாளே, அப்படிக் கேட்டாள். முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை.

"தண்ணி குடின்னு போட்டிருந்தாலும் நான் குடிச்சிருக்க மாட்டேன்டா," என்றாள்.

எனக்குள் ஏதோ இளகியது. எவ்வளவு சீக்கிரம் இளகியது என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

"ஆனா, உள்ள போய் குந்துன்னு போட்டிருந்தா குந்தியிருப்பேன். நீ எழுதுனத நான் மீறுவனா?"

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் இது உன் பங்கு, இது என் பங்கு என்று பிரித்து வைப்பதுபோலச் சொன்னாள்.

செவிலியர் வந்து ஒரு பெரிய டம்ளர் தண்ணீரைக் கையில் கொடுத்தார். "இப்ப குடிச்சிடணும்மா. நான் வந்து பாப்பேன்."

அக்கா டம்ளரைப் பிடித்துக்கொண்டு வார்டின் கோடியைப் பார்த்தாள். கழிப்பறை அங்கே இருந்தது.

"போய்ப் பாத்துட்டு வாடா. உள்ள தாப்பா கீதா, தண்ணி வருதான்னு."

போனேன். உள்ளே நுழைந்து தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன். குழாயைத் திறந்து, தண்ணீர் வந்ததும் சிறிது நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். திரும்பி வந்து, "இருக்குக்கா, வருது," என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் எதையாவது விட்டுவிட்டேனா என்று தேடுவதுபோல இருந்தது. பிறகு குடித்தாள். அடியில் ஒரு விரற்கடை மிச்சம் வைத்து, டம்ளரை என்னிடம் நீட்டினாள். அந்த மிச்சத்தையும் அவளே குடிக்கட்டும் என்று நான் வாங்கவில்லை. அவள் நீட்டிய கையை மடக்கவும் இல்லை.